கூரையிட்ட இகரம்

பிரெஞ்சு மொழியில் ஒரு வினைவடிவம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பேச்சில் கைவிட்டுச் சில தலைமுறைகள் ஆகிவிட்டன. எழுத்தில் மட்டும், அதுவும் பழைய மெருகோடு எழுதுபவர்களிடம், இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அங்கேயே கேட்பாரற்றுப் போன ஒன்றைக் குள்ளஞ்சாவடியில் உட்கார்ந்துகொண்டு மூன்று பேர் ஏன் மெனக்கெட்டுப் படித்தார்கள் என்று நண்பர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்லிச் சமாளித்து வந்தோம். இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. நடுவில் கொஞ்சம் இலக்கணம் வரும். வாசிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். அந்த இலக்கணம் இல்லாமல் இந்தக் கதை இல்லை.

குள்ளஞ்சாவடி, கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில், குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் வருகிற ஊர். செம்மண், முந்திரித் தோப்பு, பலா. மேற்கே போனால் வடலூர், அதையும் தாண்டினால் நெய்வேலி. எங்களில் ஒருவர் நெய்வேலிச் சுரங்கத்தில் பணியில் இருந்தார். இன்னொருவர் பள்ளித் தமிழாசிரியர். மூன்றாமவர் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் பின்னறைதான் எங்கள் இலக்கிய மன்றம். மன்றத்துக்குப் பெயர் கிடையாது, உறுப்பினர் நாங்கள் மூவரே. வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த ‘அந்நியன்’, அவரும் மதனகல்யாணியும் சேர்ந்து தமிழாக்கிய ‘குட்டி இளவரசன்’, பிரபஞ்சனின் புதுச்சேரி நாவல்கள் இவற்றையெல்லாம் படித்துப் படித்து, மூலத்தில் இது எப்படி இருக்கும் என்ற அரிப்பு வந்துவிட்டது. 2006-ல் புதுச்சேரியில் ஒரு வகுப்பில் சேர்ந்தோம். சனிக்கிழமைதோறும் கடலூர் போய், பேருந்து மாறி, பெண்ணையாற்றைக் கடந்து, முள்ளோடையில் மதுக்கடைகள் வரிசைகட்டத் தொடங்கியதும் ‘பிரெஞ்சு எல்லை வந்துவிட்டது’ என்று ஒருவரையொருவர் இடித்துக்கொள்வோம். இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஆட்சியின் எல்லைக்கல் இப்போது அதுதான்.

ஓராண்டு ஓடியது. கடையில் பழம் வாங்கவும், வழி கேட்கவும், நேற்று மழை பெய்தது என்று சொல்லவும் கற்றிருந்தோம். எங்கள் கர்வமும் அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்த நேரத்தில்தான் ஜெராக்ஸ் கடை நண்பரின் ஆயா ஒரு தகரப் பெட்டியிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய காகிதம் ஒன்றை எடுத்துவந்து எங்கள் முன் வைத்தார்.

ஆயா பிறந்தது பாகூர். அன்றைக்கு அது பிரெஞ்சு மண். வாழ்க்கைப்பட்டது குள்ளஞ்சாவடி, இங்கிலீஷ்காரன் சீமை. எட்டிப் பிடிக்கும் தொலைவுதான் என்றாலும் நடுவே சுங்கச் சாவடி, வேறு காசு, வேறு சட்டம். ஆயாவுக்கு இரண்டு அண்ணன்மார். மூத்தவர் பாகூரில் நிலபுலத்தைப் பார்த்துக்கொண்டார். இளையவர் சைகோன் போனார். அந்நாளில் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து இந்தோசீனாவுக்குப் போனவர்கள் ஏராளம். பட்டாளத்தில் சேர்ந்தவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள், மற்றவர்கள் காவல், சுங்கம், வரிவசூல், அலுவலக எழுத்து வேலை என்று அமர்ந்தார்கள். இளைய அண்ணன் எழுத்தர். 1952-ல் அங்கேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவருடைய அலுவலக மேலாளர் கைப்பட எழுதிய இரங்கல் கடிதம் பாகூர் வீட்டுக்கு வந்தது. அந்தக் கடிதம்தான் எங்கள் முன் இருந்தது.

அது வந்த நாளில் ஊரில் கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்த ஒரு குமாஸ்தாவைத் திண்ணைக்கு அழைத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்து, ஓரிடத்தில், ‘சேர்த்துவைத்த பணம் தங்கச்சிக்கு வந்தது’ என்று சொல்லிவிட்டார். மூத்த அண்ணன் குள்ளஞ்சாவடிக்கு ஆள் அனுப்பினார். பணம் எங்கே என்று கேட்டார். ஆயா, வரவில்லை என்றார். வந்தது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறதே என்றார் அண்ணன். வெள்ளைக்காரத் துரை எழுதியது பொய்யாகுமா? அந்த ஆண்டுப் பொங்கலுக்குச் சீர் வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வரவில்லை. மகள் பெரியவளானபோதும் வரவில்லை. ஆயாவின் தாயார் மட்டும் கண்மூடுவதற்கு முன் ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் வந்து, இந்தக் காகிதத்தை மகள் கையில் திணித்து, ‘படிச்சவங்க யாராச்சும் கெடைச்சா காட்டு’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆயா ஒரே ஒருமுறை கடலூரில் ஒரு வக்கீலிடம் காட்டினாராம். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இது இங்கிலீஷ் இல்லையம்மா’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தோடு பெட்டிக்குள் போனது.

ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதைப் படிக்கப்போகிறவர்கள் நாங்கள் என்பதில் எங்களுக்கு ஒரு மிதப்பு இருந்தது. காகிதம் மடிப்பில் நைந்திருந்ததால் முதலில் கடையிலேயே ஒரு நகல் எடுத்துக்கொண்டோம். நகலையும் அகராதியையும் வைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்தோம். அந்த வரி வந்தது. தமிழ் எழுத்தில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘இல் வுல்யூ கெ லா ஸோம் ரவேன் ஆ ஸா ஸெர்.’ ‘இல்’ அவர். ‘வுல்யூ’ விரும்பினார். ‘லா ஸோம்’ தொகை. ‘ரவேன்’ வந்து சேர்ந்தது. ‘ஆ ஸா ஸெர்’ அவருடைய தங்கைக்கு. வகுப்பில் எங்களுக்கு எழுத்து நடையின் இறந்தகாலத்தை நடத்தவில்லை. ஆனால் ‘ரவேன்’ என்றால் வந்தது என்பதை நாங்களாகவே நூலில் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தோம். அந்த அரைகுறைத் தேர்ச்சிதான் எங்களைக் கவிழ்த்தது. ‘அவர் விரும்பியபடி தொகை தங்கைக்கு வந்து சேர்ந்தது’ என்று எழுதினோம்.

எழுதியதை ஆயாவிடம் படித்தும் காட்டிவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ‘வந்துச்சுன்னுதான் இருக்கா?’ என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றோம். காகிதத்தை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த மூன்று வாரம் நண்பர் வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வராத பணம் வந்ததாக, செத்துப்போன அண்ணனின் பேரால், படித்த பிள்ளைகள் மூவரும் சேர்ந்து சொல்லிவிட்டோம்.

எங்களுக்கும் உறுத்தல் இருந்தது. ‘கெ’ என்ற சொல்லை என்ன செய்வது என்று தெரியாமல் ‘விரும்பியபடி’ என்று பூசி மெழுகியிருந்தோம். வகுப்பில் கேட்டபோது, ‘அதெல்லாம் பழைய வடிவம், தேர்வுக்கு வராது, விட்டுவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். தேர்வைப் பொறுத்தவரை அது நியாயமான பதில். பிறகுதான், பிரெஞ்சு கற்பித்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் புதுச்சேரியில் அவர் வீட்டுக்குப் போனோம். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார்; ஐயா என்றே வைத்துக்கொள்வோம்.

ஐயா நகலை வாங்கி ஒருமுறை படித்தார். எங்கள் மொழிபெயர்ப்பைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

‘இதுல கூரை எங்கப்பா?’

எங்களுக்குப் புரியவில்லை.

‘இகரத்து மேல கூரை இருக்கணும். இருந்தே ஆகணும். அசல் எங்க?’

அசலைப் பார்க்காமலேயே, இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது என்று அவர் எப்படிச் சொன்னார் என்பதுதான் அன்று மாலை முழுவதும் எங்களுக்கு நடந்த பாடம். இங்கே அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம்.

பிரெஞ்சில் வினை இரண்டு விதமான உலகங்களில் நடக்கும். ஒன்று நடந்தது, நடக்கிறது, நடக்கும் என்று உறுதியாகச் சொல்லும் உலகம். மற்றது ஒருவர் விரும்புவது, அஞ்சுவது, ஐயுறுவது, வேண்டுவது; அதாவது மனத்துக்குள் மட்டும் இருப்பது. இந்த இரண்டாவதற்கு வினை தனி உருக்கொள்ளும். அதை ‘சுப்ழோன்க்திஃப்’ என்பார்கள். (ழகரத்தைக் கவனிக்க. ழான், ழாக் என்று பிரெஞ்சுப் பெயர்களை எழுத நம்மவர்கள் ழகரத்தையே கடன் கொடுத்திருக்கிறார்கள். அசல் ஒலிக்கும் இதற்கும் தொலைவு அதிகம். ஆனாலும் தமிழின் சிறப்பெழுத்துக்கு இப்படி ஒரு வெளியூர் உத்தியோகம் கிடைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி.) எங்கள் குறிப்பேட்டில் அதற்கு ‘நினைப்பு வினை’ என்று பெயர் வைத்துக்கொண்டோம். ‘அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதில் வருகை இன்னும் நடக்கவில்லை; ஆகவே அது நினைப்பு வினை. இதற்கு நிகழ்காலம் உண்டு. அதை இன்றும் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் தலைமை வினை இறந்தகாலத்துக்குப் போய், ‘அவன் வர வேண்டும் என்று விரும்பினேன்’ என்று ஆகும்போது, பழைய இலக்கணப்படி நினைப்பு வினையும் கூடவே இறந்தகாலத்துக்கு இறங்க வேண்டும். இறங்கி நிற்கும் அந்த வடிவம்தான் ‘ஏம்பர்ஃபே த்யு சுப்ழோன்க்திஃப்’. எங்கள் குறிப்பேட்டில் இறந்தகால நினைப்பு வினை.

இதை உருவாக்கும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. எழுத்து நடையின் இறந்தகாலத்தை, பிரெஞ்சில் ‘பாஸே ஸேம்ப்ல்’, எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ‘நீ’ என்னும் முன்னிலை ஒருமை வடிவம் ஒலிக்காத ஓர் ‘எஸ்’ எழுத்தோடு முடியும். ‘நீ பேசினாய்’ என்பது ‘பர்லா’; கடைசி எஸ் எழுத்தில் உண்டு, வாயில் இல்லை. அதன் பின்னால் ‘எஸ்’, ‘எ’ என்ற இரண்டு எழுத்தை ஒட்டினால் தன்மை ஒருமைக்குரிய நினைப்பு வினை தயார்: ‘பர்லாஸ்’. ஊமையாக இருந்த எஸ் இப்போது வாய்திறந்துவிடும். நீ என்றாலும் ‘பர்லாஸ்’, நாங்கள் என்றால் ‘பர்லாஸ்யோன்’, நீங்கள் என்றால் ‘பர்லாஸ்யே’, அவர்கள் என்றால் மறுபடியும் ‘பர்லாஸ்’. வினைகள் நான்கு குடும்பமாகப் பிரியும். பேசு, பாடு, நட போன்ற பெருங்கூட்டம் ஆகாரத்தில். முடி, தூங்கு, எடு, பார் முதலியவை இகரத்தில். இரு, உடைத்தாயிரு, அறி, இயலு, விரும்பு முதலியவை, தமிழில் எழுத்தில்லாத, நாங்கள் ‘யூ’ என்று எழுதிச் சமாளிக்கும் உயிரில். வா, பிடி என்ற இரண்டும் அவற்றின் உறவுகளும் மூக்கொலியான ‘ஏன்’ என்பதில். அவ்வளவுதான். எழுத்து நடையின் இறந்தகாலம் தெரிந்துவிட்டால் இதில் விதிவிலக்கே கிடையாது. விதிவிலக்குகளால் ஆன அந்த மொழியில் இப்படி ஒரு வாய்பாடா என்று அசந்துபோனோம்.

படர்க்கை ஒருமை மட்டும் தனி வழி. அதில் எஸ் ஒட்டாது. உயிரெழுத்தின்மேல் கூரை போன்ற ஒரு குறி ஏறும்; கடைசியில் ஒரு ‘தே’ நிற்கும்; அந்தத் ‘தே’ ஒலிக்காது. ஏன் கூரை? ‘அந்தக் கூரைக்கு அடியில ஒரு எஸ் செத்துக் கெடக்கு’ என்றார் ஐயா. பழைய பிரெஞ்சில் அங்கே எஸ் இருந்தது, இலத்தீனிலிருந்து வந்தது. பேச்சில் தேய்ந்து, எழுத்திலிருந்தும் நீங்கியபோது நினைவுக்கு ஒரு கூரையைப் போட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் ஹாஸ்பிடல் என்பது பிரெஞ்சில் ‘ஓப்பித்தால்’; ஆங்கிலத்தில் எஸ் இருக்கும் இடத்தில், பிரெஞ்சில் முந்தைய உயிரின்மேல் கூரை. ஃபாரஸ்ட் என்பதற்கும் அப்படியே.

இனி எங்கள் ‘ரவேன்’. அதன் வேர் ‘வேன்’: வே, இ, என், தே. கூரை இல்லாமல் எழுதினால் ‘வந்தார்’. இகரத்தின்மேல் கூரையோடு எழுதினால் ‘வர வேண்டும் என்று’. ஒலியில் இம்மியும் வேறுபாடு இல்லை. வாய்விட்டுப் படித்தால் இரண்டும் ஒன்றே. பாகூர்த் திண்ணையில் கூடியிருந்தவர்கள் காதால் கேட்டது சரியான ஒலியைத்தான். குமாஸ்தாவின் உச்சரிப்பில் பிழை இருந்திருக்காது. வந்தது என்பதற்கும் வர வேண்டும் என்பதற்கும் இடையில் இருந்தது மசியில் ஒரு சிறு கூரை மட்டுமே.

ஆனால் ஐயா கூரையைப் பார்த்துச் சொல்லவில்லை. நகலில் கூரை தெரியவே இல்லை. மடிப்பின் கறுப்புக்கோடு சரியாக அந்த இடத்தில் விழுந்திருந்தது. அவர் பார்த்தது ‘வுல்யூ கெ’ என்ற இரண்டு சொற்களை. ‘விரும்பினார்’ என்ற வினையை அடுத்துக் ‘கெ’ வந்துவிட்டால், அதன்பின் நடந்த செய்தி வர முடியாது. நினைப்பு வினைதான் வர வேண்டும். தலைமை வினையோ இறந்தகாலம். 1952-ல் ஓர் அரசு மேலாளர் கைப்பட எழுதிய இரங்கல் கடிதம். வேறு எந்த வடிவமும் அங்கே உட்காராது. பாதி சுவர் இடிந்த வீட்டைப் பார்த்தே கூரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கொத்தனார் சொல்வதுபோல் அவர் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அசலை எடுத்துக்கொண்டு போனோம். ஐயா சன்னலருகே போய் வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்தார். மடிப்பின் வெடிப்புக்கு மேலே, நீல மசியில், எறும்பின் கால்போல இரண்டு கீற்று சாய்ந்து சேர்ந்திருந்தது. எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார். ‘தொகை தம் தங்கையைச் சேர வேண்டும் என்று அவர் விரும்பினார்.’ கடிதம் சொன்னது அவ்வளவுதான். அந்த விருப்பம் நிறைவேறியதா, யாராவது அனுப்பினார்களா, அனுப்பியது வழியில் என்ன ஆனது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த வடிவம் ஏன் மறைந்தது என்று பிறகு ஐயாவிடம் நிறையப் பேசினோம். அவரே சிரித்துக்கொண்டு ஒரு காரணம் சொன்னார்: ஒலி. ‘நான் இயல வேண்டும் என்று’ என்பதற்கான வடிவம் ‘ப்யூஸ்’. அதே ஒலிக்கு இன்னொரு பொருள் தெள்ளுப்பூச்சி. ‘நீங்கள் கொலை செய்ய வேண்டும் என்று’ என்பது ‘அஸாஸினாஸ்யே’. சொல்லி முடிப்பதற்குள் கொலையுண்டவர் எழுந்து ஓடிவிடுவார். அல்ஃபோன்ஸ் அலே என்ற நகைச்சுவை எழுத்தாளர் இந்த வடிவங்களை வரிசையாக அடுக்கியே ஒரு காதல் புலம்பல் எழுதிக் கேலி செய்திருக்கிறார். ஆனால் உண்மைக் காரணம் வேறு என்று நாங்கள் எண்ணுகிறோம். இந்த வடிவம் எழுத்து நடையின் இறந்தகாலத்தில் வேர் விட்டிருந்தது. பேச்சில் அந்த இறந்தகாலமே செத்துவிட்டது. 1942-ல் வெளிவந்த ‘அந்நியன்’ நாவலில் காம்யு அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் பேச்சு வழக்கின் இறந்தகாலத்தில் கதையைச் சொன்னது அன்று பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. அடிமரம் பட்டுப்போனால் கிளை எத்தனை நாள் நிற்கும்?

அரசும் விட்டுக்கொடுத்தது. 1901-ல் ஒரு கல்வித்துறை ஆணை சில இடங்களில் மட்டும் நிகழ்கால வடிவத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. 1976 டிசம்பர் 28-ம் நாளிட்ட ஆணை, தேர்வுகளில் மாணவர் இறந்தகால நினைப்பு வினைக்குப் பதில் நிகழ்கால வடிவத்தை எழுதினாலும் பிழையாகக் கொள்ள வேண்டாம் என்று பொதுவாகவே கூறிவிட்டது. ஆனால் 1990-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, இகரத்தின்மேலும் ‘யூ’வின்மேலும் உள்ள கூரைகளைப் பெருவாரியாகக் கழற்றலாம் என்று சொன்னபோது, சில இடங்களில் மட்டும் கைவைக்கக் கூடாது என்று விலக்கு அளித்தார்கள். அந்த விலக்குகளில் ஒன்று எங்கள் வடிவம். கூரையைப் பிடுங்கினால் நடந்ததும் நினைத்ததும் ஒன்றாகிவிடும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்களுக்கு ஏதோ நம் வீட்டுக்கே பட்டா கிடைத்ததுபோல் இருந்தது.

தமிழாசிரியர் நண்பர் விடவில்லை. நம்மிடம் இப்படி ஒன்று உண்டா என்று ஒரு மாதம் தேடினார். வியங்கோள் இருக்கிறது, வாழ்க, வருக என்கிறோம். தொல்காப்பியர் அதைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் பொருந்தாது என்று ஒதுக்க, நன்னூலார் எல்லா இடத்துக்கும் உரியது என்று திறந்துவிட்டார். ஆனால் அதற்குக் காலம் கிடையாது. இன்றைய தமிழில் ‘வர வேண்டும் என்று விரும்பினார்’ என்று சொல்லும்போது ‘வர வேண்டும்’ என்பது அசையாமல் அப்படியே நிற்கிறது. காலமெல்லாம் ‘விரும்பினார்’ பார்த்துக்கொள்கிறது. நடுவில் நிற்கும் ‘என்று’ விருப்பத்தை நடப்பிலிருந்து பிரித்து வேலி கட்டிவிடுகிறது. பிரெஞ்சுக் ‘கெ’ முன்னாலேயே வந்து எச்சரிக்கும். நம் ‘என்று’ பின்னால் வந்து திருத்தும். குமாஸ்தாவுக்கு இந்த இடம் மாற்றம்தான் குழப்பியிருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம். ‘கெ’யைக் கடந்து போய்விட்டார்; தமிழில் முடிக்கும்போது ‘என்று’ போட மறந்துவிட்டார். நாங்கள் செய்ததும் அதுவே.

ஆனால் நண்பர் கடைசியில் கொண்டுவந்து நிறுத்திய இடம் வேறு. சங்கத் தமிழில் ‘தில்’, ‘மன்’ என்று இரண்டு இடைச்சொற்கள் இருந்தன. தில் என்பதற்கு விழைவு, காலம், ஒழியிசை என்றும், மன் என்பதற்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்றும் பொருள் வகுக்கிறது தொல்காப்பியம். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்று 235-ஆம் பாட்டில் வரிக்கு வரி ‘மன்’ வந்து, கொடுத்ததும் உண்டதும் எல்லாம் இனி இல்லை என்ற கழிவை அந்த ஒற்றை அசையிலேயே ஏற்றிவிடுகிறது. நடவாத விழைவுக்கு ஒன்று, நடந்து கழிந்ததற்கு ஒன்று. இரண்டையும் நாம் பேச்சில் இழந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை என்று அன்று பின்னறையில் தீர்மானம் நிறைவேற்றினோம். (எதிர்ப்பு இல்லை, உறுப்பினர் மூவர் என்பதை முன்பே சொன்னோம்.)

ஆயாவிடம் போனதைச் சொல்ல வேண்டும். மூவரும் சேர்ந்தே போனோம். முதலில் தப்பாகப் படித்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டோம். நண்பர் அந்த வரியைத் தமிழில் நிறுத்திப் படித்தார். ஆயா மறுபடி படிக்கச் சொன்னார். படித்தார்.

‘வந்துச்சுன்னு இல்ல?’

‘இல்ல ஆயா. வரணும்னு.’

‘வரணும்னு சொன்னானா?’

‘சொன்னாரு.’

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘சாவறப்ப என்ன நெனச்சிருக்கான்’ என்றார். நாங்கள் எதிர்பார்த்தது வேறு. ஐம்பத்தைந்து ஆண்டுப் பழி நீங்கியது என்றோ, அண்ணன் வீட்டார் இனி என்ன சொல்வார்கள் என்றோ கேட்பார் என்று நினைத்திருந்தோம். அவர் கணக்கில் பணமும் இல்லை, பழியும் இல்லை. தவறான மொழிபெயர்ப்பில் அந்த விருப்பம் மறைந்தே போயிருந்தது. வெறும் பணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இப்போதுதான் அண்ணன் வந்தார்.

பாகூருக்குப் போகலாமா என்று கேட்டோம். உங்கள் இஷ்டம் என்றார். போனோம். மூத்த அண்ணன் இறந்து வெகுகாலமாகியிருந்தது. அவர் மகனுக்கு அறுபதை ஒட்டிய வயது. திண்ணை அப்படியே இருந்தது. மோர் கொடுத்தார்கள். கடிதத்தையும் தமிழாக்கத்தையும் கொடுத்து விவரம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். ‘அப்ப பணம் எங்கதான் போச்சு?’ என்றார். அது கடிதத்தில் இல்லை என்றோம். ‘அப்பாவும் போயிட்டாரு. இப்ப இத வச்சிக்கிட்டு என்ன செய்யறது?’ என்றார். எங்களிடம் பதில் இல்லை. நகலை நீட்டினோம், வேண்டாம் என்றுவிட்டார். எழுந்து வாசலுக்கு வந்தபிறகு பின்னாலேயே வந்து, ‘அந்த எழுத்து எப்படி இருக்கும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க’ என்றார். பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் எழுதிக் கொடுத்தோம். மேலே கூரை இல்லாதது, கீழே கூரையோடு. எது எது என்று விரல் வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பொங்கலுக்குச் சீர் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் இல்லை. ஐயாவிடம் இன்னும் ஓராண்டு போய்ப் படித்தோம். அவர் உடல்நிலை தளர்ந்தபிறகு நின்றுபோனது. நாங்கள் இன்றும் பிரெஞ்சு பேசினால் புதுச்சேரிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பழம் வாங்கும்போதுகூட எங்களுக்கு அந்த வடிவம் வாயில் வந்துவிடுகிறது.

2011 மார்கழியில் ஆயா காலமானார். பிற்பகல் எடுப்பதாக இருந்தது. பதினொரு மணிக்கு மேல் பாகூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அண்ணன் மகனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இறங்கினார்கள். தாம்பாளத்தில் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை இருந்தது.